கடையில் வீணான மின்சாரம்

(பரிசளிப்பு விழாவில் மளிகைக் கடைக்காரர் ஒருவர் ஆற்றிய உரை)

 

என்னைப் பேச அழைத்தபோது, "நான் மேடைப் பேச்சாளன் இல்லை சார், தராசு பிடிக்கிற ஆளு" என்று சொல்லிப் பார்த்தேன். ஆசிரியர் விடவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த கடை விஷயத்தையே பேசுகிறேன்.

என் கடை பழைய கடைவீடு. முன்னால் அஞ்சடி, நடுவில் கூரையில்லாத முற்றம். 1822-இல் சிங்கப்பூர் நகரைத் திட்டமிட்ட ராஃபிள்ஸ், வீடுகளின் முன்னே கூரையுள்ள நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதித்தார். மலாயாப் பட்டணங்களிலும் அந்த வழக்கம் பரவியது. அஞ்சடி மழைக்கு ஒதுங்க மட்டுமல்ல, வெயில் கடைக்குள் விழாமலும் தடுக்கிறது. முற்றத்தின் வழியே சூடான காற்று மேலே போகும், வெளிச்சம் கீழே இறங்கும். இரண்டுக்கும் பில் கிடையாது.

நான் செய்த புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். மூட்டை அடுக்க இடம் வேண்டுமென்று முற்றத்தைத் தகரம் போட்டு மூடினேன். கடை இருண்டது. 36 வாட் குழல் விளக்கு நாலு, பகலில் பத்து மணி நேரம் எரிந்தது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளே, கணக்குப் போடுங்கள்: மாதம் 43 யூனிட்! அதுகூடப் பரவாயில்லை. கடைக்குள் புழுங்கியதால் ஐஸ் பெட்டிகள் இரவும் பகலும் ஓயாமல் ஓடின. பில் ஏறிக்கொண்டே போனது.

ஒருநாள், "இனிக் கடன் இல்லை" என்று அட்டை எழுதி மாட்டினேன். தோட்டத்துப் பாட்டி ஒருவர் பேரனோடு வந்தார். இந்தப் பள்ளிப் பையன்தான், அட்டையைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. எடுத்த அரிசிப் பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பெட்டி பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டேன். அவர் சிரித்தார். "அண்ணே, பெட்டி நல்லாத்தான் இருக்கு. கடையைத்தான் கெடுத்து வச்சிருக்கீங்க" என்றார். பெட்டி உள்ளேயுள்ள சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது. நானோ பெட்டியைச் சுவரோடு ஒட்டி, பக்கத்தில் மூட்டையும் அடுக்கியிருந்தேன். சூடு எங்கே போகும்? பின்னால் கம்பிச் சுருளில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தார், தாள் சும்மா வந்துவிட்டது. ரப்பர் தளர்ந்திருந்தது. அந்தச் சந்து வழியாகக் குளிர் வெளியே போகும், காசும் போகும்.

தகரத்தைப் பிரித்தேன். வெளிச்சம் விடும் தகட்டை உயர்த்திப் போட்டு, சுற்றிலும் காற்றுக்கு இடைவெளி விட்டேன். பெட்டியை நகர்த்தி, தூசி தட்டி, ரப்பர் மாற்றினேன். சாயங்காலத்துக்கு மட்டும் 18 வாட் எல்.இ.டி. குழல் விளக்கு. எல்லாம் ஒரே மாதத்தில் நடக்கவில்லை, கையில் காசு வந்தபோதுதான் ஒவ்வொன்றாகச் செய்தேன். ரப்பர் முதலில், ஏனென்றால் அதுதான் மலிவு.

பில் இறங்கியதும் அட்டையைக் கழற்றினேன். பாட்டியின் 555 புத்தகம் மறுபடியும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இப்போது கணக்கைப் பேரன்தான் எழுதுகிறான். என் கூட்டலில் தப்பும் கண்டுபிடிக்கிறான். இன்று அவனுக்குக் கணிதத்தில் பரிசு.