திங்கட்கிழமை ஆட்டக்காரர்கள்

கோல்ஃப் என்றதும் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் நம்மில் பலர். அந்த ஆட்டத்துக்குள் மிகக் கடுமையான ஒரு பகுதி இருக்கிறது. தொலைக்காட்சி அதை அநேகமாகக் காட்டுவதே இல்லை. அமெரிக்காவின் பிஜிஏ டூரில் ஆட ஒரு வீரர் எப்படி இடம் பிடிக்கிறார் என்பதைத்தான் சொல்கிறேன். அங்கே கோப்பை வெல்வதைவிட உள்ளே நுழைவதற்கே அதிகத் திறமை வேண்டும் என்பது என் எண்ணம்.

1965இல் ஃப்ளோரிடாவில் முதல் தகுதிப் போட்டி நடந்தது. தேறியவர்கள் 17 பேர். டூரில் ஆடுவதற்கான அட்டையை வாங்கிய பிறகும் அவர்கள் பாடு தீரவில்லை. வாராவாரம் திங்கட்கிழமை இன்னொரு தகுதிச் சுற்று ஆடித்தான் அந்த வாரப் போட்டிக்குள் போகமுடியும். தோற்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்படவேண்டியதுதான். அப்படி ஊர் ஊராக ஓடியவர்களை 'முயல்கள்' என்றே அழைத்தார்கள். 1983இல் விதி மாறி, பணப்பட்டியலில் முதல் 125 இடங்களுக்குள் வருகிறவர்களுக்கு அடுத்த ஆண்டு முழுவதும் ஆடும் உரிமை கிடைத்தது.

தகுதிப் போட்டியின் இறுதிக் கட்டம் பல காலம் ஆறு நாள், 108 குழிகள் என்று நடந்தது. சாதாரணப் போட்டியில் சறுக்கினால் அடுத்த வாரம் இருக்கிறது. இங்கே சறுக்கினால் ஓராண்டு போயிற்று. அதனால் தேர்ந்த ஆட்டக்காரர் கொடிக்குப் பக்கத்தில் தண்ணீர் இருந்தால் கொடியைப் பார்க்கவே மாட்டார். புல்தரையின் நடுவைக் குறிவைத்து அடிப்பார். ஒரு குழியில் ஒரு ஷாட் கூடிப்போனால் வாயைத் திறக்காமல் அடுத்த குழிக்கு நடப்பார். திங்கட்கிழமைச் சுற்றுக்கு இந்த நிதானம் உதவாது. 18 குழிகள், 2025 வரை பெரும்பாலும் நான்கே இடங்கள். அங்கே துணிந்து அடிக்கிறவருக்குத்தான் வழி. இரண்டு குணமும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம்.

2000ஆம் ஆண்டுத் தகுதிப் போட்டியின் இறுதிக் கட்டம், கலிஃபோர்னியாவின் பிஜிஏ வெஸ்ட் மைதானம். நான்காம் சுற்றின் 17ஆவது குழியில் ஜோ டேலி என்ற வீரர் ஒரு குட்டிப் பட் (குழியை நோக்கி உருட்டும் அடி) அடித்தார். பந்து நேராகக் குழிக்குள் போனது. உள்ளே பதித்திருந்த கிண்ணத்தின் விளிம்பில் பட்டு வெளியே துள்ளி விழுந்தது. விதிப்படி இன்னொரு ஷாட். ஆறு நாளும் முடிந்து கணக்குப் பார்த்தபோது அவர் அட்டையைத் தவறவிட்டது ஒரே ஒரு ஷாட்டில். அதைப் படமாகப் பார்த்தவர்களுக்கு இந்தப் போட்டி எவ்வளவு ஈரமற்றது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

நமக்கு நெருக்கமானவர் அர்ஜுன் அத்வால். அசன்சோலில் பிறந்து கொல்கத்தாவில் ஆடிப் பழகியவர். 2003 தகுதிப் போட்டியில் தேறி, பிஜிஏ டூரில் உறுப்பினரான முதல் இந்தியர் ஆனார். பின்னாளில் காயம் வந்தது. 2010இல் அட்டையும் பறிபோனது. வயது 37. அந்த ஆகஸ்டில் கிரீன்ஸ்பரோ நகரின் விண்டம் போட்டிக்குத் திங்கட்கிழமைச் சுற்று ஆடி உள்ளே வந்தார். வியாழனன்று 61 அடித்தார். ஞாயிறன்று கடைசிக் குழியில் ஏறக்குறைய ஏழடித் தூரத்தில் ஒரு பட் மிச்சம். போட்டால் கோப்பை. போட்டார். 1986க்குப் பிறகு, திங்களன்று தகுதி பெற்று அந்த வாரமே வென்ற முதல் வீரர் அவர்தான். பிஜிஏ டூரில் வென்ற முதல் இந்தியரும் அவரே. 2019இல் கனடாவின் கோரி கானர்ஸும் இப்படித்தான்: திங்களன்று ஓரிடத்துக்கு ஆறு பேர் மோதியதில் தப்பி, ஞாயிறன்று டெக்சஸ் ஓப்பனை வென்று, அகஸ்டாவின் மாஸ்டர்ஸ் போட்டிக்கும் போனார்.

தகுதிப் போட்டியின் வழியை 2013இல் பாதி அடைத்தார்கள். தகுதிப் போட்டியில் வென்றாலும் இரண்டாம் நிலைத் தொடரில்தான் இடம் என்றார்கள். பத்தாண்டு கழித்து 2023இல் நேரடி அட்டை திரும்பி வந்தது. முதல் ஐந்து இடங்களுக்குத்தான். அந்த நல்ல காரியத்துக்குப் பின்னாலேயே 2026 முதல் திங்கட்கிழமை இடங்களைக் குறைக்கும் முடிவும் வந்தது. 120 பேர் ஆடும் போட்டிகளில் அந்தச் சுற்றே கிடையாது. 132 பேர் என்றால் இரண்டு இடம். மாலைக்குள் ஆட்டம் முடியவேண்டும் என்று காரணம் சொல்கிறார்கள். மெதுவாக ஆடுகிறவர்களைக் கண்டிப்பதை விட்டுவிட்டு, வாசலில் நிற்பவரை ஏன் தள்ளவேண்டும்? டைகர் உட்ஸ் போன்ற ஒருவருக்கு 1996இல் போட்டி நடத்துவோரின் அழைப்பு தேடி வந்தது. அந்த அழைப்பில் ஆடி வென்று இடம் பிடித்தார். அட்டையும் அழைப்பும் இல்லாதவருக்குத் திங்கட்கிழமை ஒன்றே கதவு. அந்த நான்கு இடங்களும் எல்லாப் போட்டியிலும் இருக்கவேண்டும். விண்டம் போட்டியில் அவை இருந்ததால்தான் அத்வாலின் பெயர் வெற்றிப் பட்டியலில் ஏறியது.