விருந்தும் விளைநிலமும்

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருக்குறளில் விருந்தோம்பல் அறத்துப்பாலிலும் உழவு பொருட்பாலிலும் இடம்பெறுகின்றன. ஒன்று இல்லறத்தின் கடமை. மற்றொன்று நாட்டின் வாழ்வுக்கு அடித்தளம். இவ்விரண்டையும் ஒரே முற்றத்தில் சேர்த்து, நலிந்து வந்த சிறு உழவரை நிலத்தில் நிலைநிறுத்த முயன்ற நாடு இத்தாலி. அந்த முயற்சி எதனால் பயன் தந்தது, எங்கே வழுவக்கூடும் என்பதே இவ்வுரையின் பொருள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியின் மலைச்சரிவு ஊர்கள் ஆளற்றுப் போகத் தொடங்கின. இளைஞர்கள் மிலான், தூரின் போன்ற ஆலை நகரங்களை நாடிச் சென்றனர். டஸ்கனி முதலிய பகுதிகளில் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரமுறையில் பயிரிட்ட குடும்பங்களும் வெளியேறின. 1964ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையில் புதிய ஒப்பந்தங்களைத் தடை செய்தது. வாரக்குடிகள் வாழ்ந்த கல்வீடுகள் பல பூட்டிக் கிடந்தன. சரிவுகளில் மண்ணைத் தாங்கி நின்ற கற்சுவர்கள், பேணுவாரின்றி இடிந்தன.

அந்நிலையில் 1965ஆம் ஆண்டு ‘அக்ரிதூரிஸ்ட்’ என்னும் சங்கம் தோன்றியது. நகரத்தாரைப் பண்ணை வீடுகளுக்கு விருந்தினராக அழைத்து, அவ்வருவாயால் உழவரைக் காப்பது அதன் நோக்கம். 1985இல் இதற்கென நாடு தழுவிய சட்டம் பிறந்தது; 2006இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இன்று ‘அக்ரிதுரிஸ்மோ’ என்னும் பெயரில் 25,000க்கும் மேற்பட்ட பண்ணைகள் அங்கே விருந்தினரை ஏற்கின்றன.

அச்சட்டத்தின் உயிர்நாடி ஒன்றுதான்: உழவே முதன்மை, விருந்து அதற்குத் துணை. உழவராக இருப்பவர் மட்டுமே இத்தொழிலை நடத்தலாம். நிலத்தில் முன்பே உள்ள கட்டடங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பரிமாறும் உணவில் குறிப்பிடத்தக்க பங்கு அப்பண்ணையிலேயே விளைந்திருக்க வேண்டும். எஞ்சியதிலும் அவ்வட்டார விளைபொருளுக்கே முதலிடம். 10 பேருக்கு மிகாமல் விருந்தினரை ஏற்கும் பண்ணையில் உழவே முதன்மை என்று சட்டம் கொள்கிறது. அதற்கு மேல் போனால், வயலில் செலவாகும் உழைப்பு நேரமும் விருந்தினருக்குச் செலவாகும் நேரமும் ஒப்புநோக்கப்படும்.

இவ்வருவாய் இயற்கை உழவருக்கு எவ்வாறு கைகொடுக்கிறது? இரசாயன உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் கைவிட்டவுடன் ஒரு பண்ணை இயற்கைப் பண்ணை என்னும் சான்றிதழைப் பெற்றுவிடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, ஓராண்டுப் பயிர்களுக்குப் பொதுவாக 2 ஆண்டும், ஆலிவ், திராட்சை போன்ற நிலைப்பயிர்களுக்கு 3 ஆண்டும் மாறுதல் காலம் உண்டு. அக்காலத்தில் களையெடுப்புச் செலவு கூடும், விளைச்சல் குறையக்கூடும், விளைந்ததை இயற்கை விளைபொருள் என்று கூறி உயர்ந்த விலைக்கு விற்கவும் இயலாது. பெரும் பண்ணை இந்த இடைவெளியைத் தாங்கும். கையளவு நிலம் உடையவர் கடனில் மூழ்குவார். இரண்டு அறைகளில் தங்கும் விருந்தினர் தரும் வாடகை, அந்த இடைவெளியைக் கடக்க உதவும் பாலமாகிறது.

மற்றொரு நன்மையும் உண்டு. மொத்த வணிகருக்கு விற்கும் எண்ணெயில் உழவரின் பெயர் மறைந்துபோகும். தோட்டத்தில் நான்கு நாள் தங்கியவரோ, மரங்களுக்கிடையே மொச்சை இனப் பயிரை வளர்த்து மண்ணோடு உழுது உரமாக்குவதைக் காண்கிறார்; பழத்தில் ஒரு புள்ளி ஏன் இருக்கிறது என்பதை அறிகிறார். அதன்பின் விலையைக் குறித்து அவர் பேரம் பேசுவது அரிது. ஊர் திரும்பிய பின்னும் அதே எண்ணெயை வரவழைத்துக்கொள்கிறார். இடைத்தரகர் பெற்றிருக்கக்கூடிய பங்கு உழவரிடமே தங்குகிறது.

ஆயினும் இம்முறையைக் குறையற்றது எனக் கருதலாகாது. அக்ரிதுரிஸ்மோ பண்ணைகள் யாவும் இயற்கைப் பண்ணைகள் அல்ல. அறை வாடகை எளிதில் கிடைக்கும்போது, வயலைக் காட்சிப் பொருளாக மட்டும் வைத்துக்கொள்ளும் ஆசை எழும். கோடையில் பயிருக்குப் பாய வேண்டிய நீர் நீச்சல் குளத்துக்குப் போகும். திராட்சை பறிக்கும் செப்டம்பர் மாதத்தில் விருந்தினரும் வந்து நிறைந்தால், குடும்பத்தின் கைகள் சமையலறைக்கா தோட்டத்துக்கா என்னும் கேள்வி எழும். எனவேதான் சட்டம் உழைப்பு நேரத்தை அளவுகோலாக்கியது.

அவையோரே, வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரங்களில் உள்ள தமிழ்ச் சமணர் ஊர்கள் உழவூர்களே. அவ்வூர்களை விட்டு நகரங்களில் குடியேறிய குடும்பங்கள் பல. பொன்னூர் மலைக்கும் திருமலைக்கும் மேல்சித்தாமூருக்கும் வெளியூர் யாத்திரிகர் வருகின்றனர். இத்தாலியின் பாடம் இங்கே பொருந்துமாயின், தொடக்கம் புதிய விடுதி கட்டுவதில் இல்லை. முன்னோர் விட்டுச்சென்ற நிலத்தில் ஓர் ஏக்கரையேனும் நஞ்சில்லா வேளாண்மைக்குத் திருப்பி, அங்கு விளையும் அரிசியையும் நிலக்கடலை எண்ணெயையும் யாத்திரிகர் உண்ணும் பந்திக்கு நியாய விலையில் அளிப்பதே முதற்படி. பூட்டிய வீட்டைத் திறந்து விருந்தினரைத் தங்கவைப்பது அடுத்த படி.

பயணம் செல்வோருக்கும் கடமை உண்டு. பண்ணை வீட்டில் தங்குவோர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: இலையில் உள்ளவற்றில் எவை இந்நிலத்தில் விளைந்தவை? இந்நிலத்தில் உழைப்பவர் யார்? விருந்தினர் வராத மாதங்களில் இங்கே என்ன பயிர் நிற்கிறது? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்கும் இடத்தில் கொடுக்கும் பணம் ஓர் உழவுக் குடும்பத்தின் அடுத்த விதைப்புக்குச் செல்லும்.