அறுந்து ஒலிக்கும் சூழொலி



திரையரங்கின் இன்பத்தை இல்லத்திற்குள் கொண்டுவரும் கருவிகள் இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் இடம் பெற்றுவிட்டன. தில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நம்மவர்க்கு இவை வெறும் ஆடம்பரப் பொருள்கள் அல்ல. தமிழ்ப் படம் ஓடும் அரங்கு பெரும்பாலும் நகரின் மறுகோடியில் இருக்கும். ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கியிருக்கும் முதியோரை அத்துணைத் தொலைவு அழைத்துச் செல்வது எளிதன்று. கூடத்தில் அமர்ந்து கேட்கும் தமிழே அவர்கள் செவிக்கு விருந்து. அவ்விருந்தில் கல் கடிபடுவதுபோல், பாட்டின் நடுவே பின்புறத்து ஒலி அறுந்து அறுந்து விழுந்தால் என் செய்வது? புதுக் கருவி வாங்குவதா? ஒரு மாத ஊதியத்தை விழுங்கும் அம்முடிவுக்கு வருமுன் அறிய வேண்டியவை சில உண்டு. அவற்றை இன்று ஆராய்வோம்.

‘சரவுண்ட் சவுண்ட்’ என்பதைச் சூழொலி எனலாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் பொருத்தமாகவே படுகிறது. 5.1 என்று குறிக்கப்படும் அமைப்பில் முன்னே மூன்றும் நமக்குப் பின்புறமாக இரண்டும் ஆக ஐந்து வழிகளில் ஒலி வருகிறது. இடி முழக்கம் போன்ற தாழ்ந்த ஒலிக்கெனத் தனியே ஒரு பெட்டி உண்டு. கம்பியில்லா அமைப்பில், பின்னிரு ஒலிபெருக்கிகளுக்கும் ஒலி வானலை வழியே செல்கிறது. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரக் கம்பி மட்டும் வேண்டியிருக்கிறது.

அவ்வாறு செல்லும் ஒலி ஏன் அறுகிறது? திரைப்பட ஒலி பொதுவாக நொடிக்கு 48,000 மாதிரிகளாகப் பகுக்கப்பட்டு, சிறு சிறு பொட்டலங்களாக அனுப்பப்படுகிறது. வழியில் ஒரு பொட்டலம் கெட்டுவிட்டால் அதனை மீண்டும் அனுப்புவதற்கு ஏற்பாடு உண்டு. ஆனால் நடிகரின் உதடு அசையும்போதே சொல்லும் கேட்டாக வேண்டும். ஆதலின் காத்திருப்பதற்குரிய அவகாசம் நொடியில் மிகச் சிறிய பகுதியே. அதற்குள் வந்து சேராத பொட்டலத்தால் பயனில்லை. அவ்விடத்தில் மௌனமே எஞ்சும். 50 மில்லி விநாடித் தடை ஏற்பட்டாலும் 2,400 மாதிரிகள் போய்விடுகின்றன. செவி அதனை உடனே உணர்கிறது.

தடை எங்கிருந்து வருகிறது? இக்கருவிகள் பலவும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. குறைந்த ஆற்றலில் அதனை உரிமமின்றிப் பயன்படுத்த நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு முதல் அனுமதி உண்டு. அதனால் வைஃபை, புளூடூத், கம்பியில்லா விசைப்பலகை யாவும் அங்கேயே கூடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. அதிலிருந்து கசியும் சிற்றளவும் இடையூறாகக்கூடும். ஒரே முற்றத்தில் பத்துப் பேர் ஒருங்கே பேசினால் யார் சொல் யாருக்குக் கேட்கும்? அடுக்குமாடிக் கட்டடத்தில் நிகழ்வது அதுவே.

மற்றொன்றும் உண்டு. வானொலியின் மத்திய அலை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுடையது. வீட்டுச் சாமான்கள் அதற்கு ஒரு பொருட்டல்ல. இந்த அலையின் நீளமோ சுமார் 12.5 சென்டிமீட்டர். இரும்பு பீரோ அதனை மறைக்கும். தண்ணீர்த் தொட்டியும் மனித உடலும் அதனை உறிஞ்சும். சோபாவில் நால்வர் அமர்ந்தவுடன் ஒலி அறுவதன் மர்மம் இதுவே.

இனிப் பரிகாரத்திற்கு வருவோம். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்ய வேண்டும் என்பது இதில் தலையாய விதி. ஐந்தையும் சேர்த்துச் செய்தால் எது குணப்படுத்தியது என்பது விளங்காது.

முதலில், எது அறுகிறது என்று கேளுங்கள். எல்லா ஒலிபெருக்கிகளும் ஒருங்கே அறுந்தால், குற்றம் பெரும்பாலும் பின்புறத்து வானலையில் இல்லை. இணைய இணைப்பிலோ, தொலைக்காட்சியையும் ஒலிக்கருவியையும் சேர்க்கும் எச்.டி.எம்.ஐ. கம்பியிலோ இருக்கலாம். பென் டிரைவில் உள்ள படத்தை ஓட்டிப் பார்க்கலாம். அது தடையின்றி ஒலித்தால் இணையத்தையே ஐயுற வேண்டும்.

பின்னிரண்டு மட்டும் அறுந்தால், அவற்றின் விளக்கை நோக்குக. பல நொடிகள் ஒலி நின்று, விளக்கு மினுக்கி, மீண்டும் இணைந்தால், தளர்ந்த பிளக்கோ எக்ஸ்டென்ஷன் போர்டோ காரணமாகலாம். சுவரிலுள்ள வேறொரு பிளக்கில் நேராகச் செருகிப் பாருங்கள்.

விளக்கு நிலையாக இருக்க, ஒலி மட்டும் துண்டு துண்டாக வந்தால், அலை நெரிசலே காரணம் எனக் கொள்ளலாம். ஒலி அனுப்பும் பெட்டியை வைஃபை ரூட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமல் விலக்கி வையுங்கள். தொலைக்காட்சிக்கு இணையத்தைக் கம்பி வழியே கொடுங்கள். யூ.எஸ்.பி. 3.0 வகை ஹார்டு டிஸ்க் அருகில் இருப்பின் அதனையும் அகற்றுங்கள். அவ்வகை இணைப்பு 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும் இயல்புடையது. இடையில் நிற்கும் பீரோவை விலக்கி, ஒலிபெருக்கிகளைச் சோபாவின் உயரத்துக்கு மேலே ஏற்றுங்கள்.

அடுத்து, ஒலிக்கருவி எந்த அலைவரிசையைச் சேர்ந்தது என்பதைக் கையேட்டில் காண்க. அது 2.4 ஆயின், கைப்பேசிகளையும் கணினிகளையும் ரூட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது நலம். ஒலிக்கருவியே 5 ஜிகாஹெர்ட்ஸில் இயங்குமாயின், ரூட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸ் சேனலை அதற்கு எட்டாத வேறொன்றுக்கு மாற்றுக. 2.4இல் 1, 6, 11 என்ற மூன்று சேனல்களே ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. அண்டை வீட்டார் எதில் இருக்கின்றனர் என்பதைக் கைப்பேசிச் செயலி காட்டும். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, “நீங்கள் 1இல் இருங்கள், நாங்கள் 11இல் இருக்கிறோம்” என்று பேசிக்கொள்வதில் இழிவு ஒன்றுமில்லை. மொழி வேறாயினும் வானம் பொதுவாயிற்றே!

இத்தனைக்கும் தீராவிடில், பின்னிரு ஒலிபெருக்கிகளையும் இடம் மாற்றி வையுங்கள். வலப்பக்கத்துக் குறை ஒலிபெருக்கியோடு இடப்பக்கம் சென்றுவிட்டால், பழுது ஒலிபெருக்கியில். குறை அவ்விடத்திலேயே நின்றால், பழுது இடத்தில். இரண்டுக்கும் ஒரே ஏற்புப் பெட்டி கம்பி வழியாக ஒலி ஊட்டும் அமைப்புகளில் இச்சோதனை பயன்படாது; அங்கே அப்பெட்டியையே இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு கருவிகள் அனைத்தையும் மின்சாரத்திலிருந்து சில நிமிடம் நீக்கி, கையேட்டின்படி மறுபடி இணைத்து, மென்பொருளையும் புதுப்பித்துக்கொள்ளலாம். பழுது பார்ப்பவரை அழைக்க வேண்டிய தருணம் அதற்குப் பின்னரே வருகிறது. அப்போதும், “சரியாக வேலை செய்யவில்லை” என்று பொதுப்படச் சொல்லாமல், எந்தப் பெட்டி, எத்தனை நொடி, எந்நேரத்தில் என்று குறித்துவைத்துச் சொல்லுங்கள். மொழி அறியாத ஊரில், திட்டமான விவரம் நீண்ட உரையாடலைவிட விரைவில் புரியும்.

சுருங்கச் சொன்னால், இக்குறை பெரும்பாலும் பெட்டிக்குள் இல்லை. நமக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள வெளியில் இருக்கிறது. அவ்வெளியைச் சீர்செய்யப் பணம் வேண்டுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதும் சிறிது பொறுமையும் போதும்.