மதுவக் கலத்தில் ஒரு மத்தியஸ்தன்

பாணுக்கு மாப் பிசைவோர் அதனுடன் கலக்கும் மதுவத்தை நேயர்கள் அறிவார்கள். ஒரே கலத்தாலான அச்சிற்றுயிர் மாவிலுள்ள வெல்லத்தை உண்டு வாயுவை வெளிவிடுவதாலேயே பாண் பொங்குகின்றது. கண்ணுக்குத் தோன்றாத அக்கலத்தினுள் ஏறக்குறைய 6,000 பரம்பரையலகுகள் உள்ளன. ஒவ்வொன்றும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் பொறிக்கப்பட்ட ஒரு குறிப்பு. பெரும்பாலான குறிப்புகள் புரதங்களை ஆக்கும் முறையைக் கூறுவன. அக்குறிப்பு ஆர்.என்.ஏ. என்னும் வேறோர் இழையாகப் படியெடுக்கப்பட்ட பின்னரே புரதம் உருவாகும். எல்லாக் குறிப்புகளையும் எந்நேரமும் படியெடுத்துக்கொண்டிருந்தால் கலத்தின் முதலெல்லாம் வீண்செலவாகிவிடும். எதை, எப்பொழுது படியெடுப்பதென்று தீர்மானிப்பது எது?

ஓர் உதாரணம் காண்போம். பாலிலுள்ள வெல்லத்தின் ஒரு கூறு கலக்ரோசு. குளுக்கோசு கிடைக்கும் வரை மதுவம் கலக்ரோசைத் தீண்டுவதில்லை. அதனைச் செரிக்கும் நொதியங்களின் குறிப்புகள் உறங்கிக் கிடக்கும். குளுக்கோசு தீர்ந்து கலக்ரோசு மட்டும் எஞ்சுமாயின், அக்குறிப்புகளின் படியெடுப்பு ஆயிரம் மடங்கு வரை பெருகும். இம்மாற்றத்தின் முதற் கருவி கால்-4 என்னும் புரதம். (நாலு காலுள்ள பிராணியென்று எண்ணவேண்டாம், கலக்ரோசின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கியதால் நேர்ந்த பெயர் அது.) பரம்பரையலகுக்குச் சற்று முன்பாக, டி.என்.ஏ. இழையைப் பற்றியவாறு அது காத்திருக்கும். கால்-80 என்னும் மற்றொரு புரதம் அதன் வாயைப் பொத்தியிருக்கும். கலக்ரோசு உள்ளே வந்ததும், அதனைப் பற்றிக்கொண்ட கால்-3 சென்று கால்-80ஐப் பிடித்துக்கொள்ள, கால்-4 விடுதலை பெறும்.

விடுதலை பெற்ற கால்-4 யாரிடம் பேசுகின்றது? படியெடுக்கும் இயந்திரமாகிய பொலிமரேசிடம் நேரே பேசும் என்றே பலரும் எண்ணினர். கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து ரோஜர் கோர்ன்பேர்க் குழுவினர் மதுவத்தின் புரதங்களைத் தூய்மையாகப் பிரித்துச் சோதனைக் குழாயில் சேர்த்தபோது, படியெடுப்பு நடந்தது. ஆயின் தூண்டும் புரதம் இட்ட கட்டளை அங்கே எடுபடவில்லை. மதுவத்தின் கலச்சாற்றிற் சிறிது சேர்த்ததும் எடுபட்டது. தூய்மையாக்கும்போது ஏதோ ஒன்று கழிந்துபோயிருக்கவேண்டும். 1990ஆம் ஆண்டளவில் அதற்கு மத்தியஸ்தன் என்று பொருள்படும் பெயரையிட்டனர். 1994இல் அதனைத் தனியே பிரித்தெடுத்தனர். அது ஒரு புரதமன்று. 25 புரதங்கள் ஒன்றுகூடிய பெருந் தொகுதி.

பொலிமரேசோ 12 புரதங்களாலானது. அதன் உருவைக் காணப் பளிங்காக்கி ஊடுகதிர்களைச் செலுத்தவேண்டும். பளிங்கு அமைய மூலக்கூறுகளெல்லாம் ஒரே அச்சாயிருத்தல் வேண்டும். அப்பன்னிரண்டில் இரண்டு சிறு புரதங்கள் சில மூலக்கூறுகளில் இருந்தன, சிலவற்றில் இல்லை. ஆகவே பளிங்கு சீராக அமையவில்லை. அவ்விரண்டும் சேராத மதுவ வகையொன்றிலிருந்து பொலிமரேசை எடுத்தபோது வழி திறந்தது. 2001இல், பட்ரிக் கிராமர் முதலானோருடன் கோர்ன்பேர்க் வெளியிட்ட உருவத்தின் நுண்மை, மில்லிமீற்றரைக் கோடி கூறிட்டால் அவற்றில் மூன்று கூறுக்கும் குறைவானது. இரு தாடைகள், இடையே ஆழ்ந்த பள்ளம், பள்ளத்தில் புகுந்த டி.என்.ஏ.யின்மேல் கவிந்து மூடும் ஒரு பிடி ஆகியன அதில் தெளிவாகத் தெரிந்தன. இப்பணிக்காக 2006இல் கோர்ன்பேர்க் நோபெல் பரிசு பெற்றார். தந்தை ஆதர் கோர்ன்பேர்க் 1959இல் அப்பரிசைப் பெற்றபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவனாக உடன் சென்றிருந்தவர் அவர்.

மத்தியஸ்தன் இவ்வாறு எளிதில் அகப்படவில்லை. தலை, நடு, வால் என மூன்று பகுதிகளும் நெகிழ்ந்து வளைவன. நீர்க் கரைசலை நொடிப்பொழுதில் உறையவைத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியால் நோக்கும் முறை முதிர்ந்த பின்னரே முழு உருவம் புலனாயிற்று. அம்முறையை வளர்த்தோர் மூவர்க்கு 2017இல் நோபெல் பரிசு கிடைத்தது. கால்-4 போன்ற தூண்டும் புரதங்கள் வாற்பகுதியைத் தொடுகின்றன. தலையும் நடுவும் பொலிமரேசைப் பற்றுகின்றன. பொலிமரேசின் ஒரு முனை, ஏழு ஏழு அலகுகளாக 26 தடவை மீண்டு வரும் நீண்ட இழையாகத் தொங்குகின்றது. மத்தியஸ்தன் பற்றும் இடங்களுள் அதுவும் ஒன்று. மனிதரில் அம்மீட்சி 52 தடவை.

வியப்புக்குரியது வாற்பகுதியின் தொடர்பே. பூட்டும் சாவியும் போலக் கச்சிதமாகப் பொருந்துமென எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். கால்-4 அங்கே ஒரே நிலையில் நில்லாது, பல இடங்களில் தளர்வாகத் தொட்டுத் தொட்டு விலகுகின்றது. தூண்டும் புரதங்கள் வெவ்வேறு வடிவினவாயிருந்தும் அவற்றிற் பல ஒரே மத்தியஸ்தனுடன் பேச இயல்வதற்கு இத்தளர்வே காரணமெனக் கொள்ளலாம்.

இம்மூன்று பகுதிகளோடு, வேண்டும்போது கூடி வேண்டாதபோது கழன்றுவிடும் நான்காம் பகுதியும் உண்டு. நான்கு புரதங்களாலான அது கூடியிருக்கும்வரை பொலிமரேசு வந்து ஒட்டுவதற்கு இடமில்லை. அந்நான்கிலும் ஒன்றுக்கு நிகரான புரதம் மனித உடலிலும் உள்ளது. மெட்-12 என்பது அதன் பெயர். கருப்பையில் உண்டாகும் தசைக்கட்டிகள் எண்ணற்ற பெண்களுக்கு மிகுந்த இரத்தப்போக்கையும் வலியையும் தருவன. அவற்றின் காரணம் நெடுங்காலம் தெளிவாகவில்லை. 2011இல் பின்லாந்து ஆராய்ச்சியாளர் அக்கட்டிகளைச் சோதித்தபோது, நூற்றுக்கு எழுபதளவில் மெட்-12இன் பரம்பரையலகிலே பிழை காணப்பட்டது. அப்பிழைகள் பெரும்பாலும் அப்புரதத்தின் ஒரு சிறு பகுதியிலேயே நெருங்கிக் கிடந்தன. அந்நான்கனுள் வினை புரியும் நொதியத்தை மெட்-12 தூண்டிவிடுவது அப்பகுதியினாலேயே என்பது பின்னர்த் தெரியவந்தது.