தண்ணீர் வரும் நாளும் காய்ச்சல் வரும் வீடும்



2012ஆம் ஆண்டைக் கடையநல்லூரில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் பரவிய டெங்கு, இந்த ஊரைக் கடுமையாகத் தாக்கியது. அரசுக் கணக்குப்படி அந்த ஓராண்டில் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு கண்டது. 66 பேர் இறந்தார்கள். அவர்கள் எந்தத் தெருக்காரர்கள், என்ன தொழில் செய்தவர்கள் என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீரில் வளர்கிறது. முட்டை கொசுவாகிப் பறக்க, வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாள் போதும். தினமும் தண்ணீர் வந்தால் டிரம்மில் யாரும் சேர்த்துவைக்க மாட்டார்கள். எட்டு நாளைக்கு ஒருமுறை வந்தால் சேர்த்துவைக்காமல் குடும்பம் நடத்த முடியாது. மிச்சம் கிடப்பதைக் கொட்டித் தொட்டியைத் தேய்த்துக் கழுவ யாருக்கு மனம் வரும்? புதுத் தண்ணீரை அதன் மேலேயே ஊற்றுகிறோம். குழாயின் முறையும் கொசுவின் வளர்ச்சியும் இப்படி ஒரே கணக்கில் ஓடுகின்றன. மோட்டாரும் மூடிபோட்ட மாடித் தொட்டியும் உள்ள வீட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஏடிஸ் கடிப்பது பகலில். வீட்டுக்குள் இருட்டு மூலையில், தொங்கும் துணிகளுக்குப் பின்னால் தங்கும். இரவில் கட்டும் கொசுவலை இதற்கு உதவாது. பகல் முழுக்க வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர் யார்? மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்ணும், வீட்டிலேயே தறி போட்டிருக்கும் நெசவாளியும்தான். அவர்களுக்கு வீடுதான் தொழிற்கூடம்.

ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. படுத்தால் கூலி கிடையாது. டெங்குவிலோ காய்ச்சல் இறங்கும்போதுதான், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழும் அபாயம் தொடங்குகிறது. “காச்சல் விட்டுட்டு” என்று அந்தப் பெண் மறுபடி சுளகை எடுக்கும் நாளும் அதுதான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம் என்று கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. உரிய நேரத்தில் கவனித்து நீர்ச்சத்து ஏற்றினால் மிகப் பெரும்பாலானோர் பிழைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ கிளம்பக் கையில் காசும் துணைக்கு ஆளும் வேண்டுமே!

வேல்ஸ் நாட்டின் சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் மருத்துவம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட், தேவை மிகுந்த மக்களுக்கே நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதினார். இங்கே மருத்துவத்துக்கு முன்னால் தண்ணீரிலேயே அந்த ஏற்றத்தாழ்வு தொடங்கிவிடுகிறது.

இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி நம் கொசு ஆய்வுகள் என்ன கேட்கின்றன? நூறு வீட்டில் எத்தனை வீட்டில் கொசுப்புழு, எத்தனை பாத்திரத்தில் புழு என்று எண்ணுகின்றன. அவசியமான எண்ணிக்கைதான், களப்பணியாளர்கள் வெயிலில் வீடுவீடாக ஏறி இறங்கித் தொட்டிகளில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றியிராவிட்டால் இன்னும் பல உயிர்கள் போயிருக்கும். ஆனால் அந்த ஆய்வுப் படிவம் வீட்டுப் பெண்ணைக் குற்றவாளியாக்குவதோடு முடிந்துவிடுகிறது என்பதே என் வருத்தம். 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கும் ஓர் அத்தியாயம் உண்டு, குடிநீர் வழங்கலுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. முன்னதைக் காட்டி வீட்டுக்கு நோட்டீஸ் வருகிறது. பின்னதைக் காட்டி உள்ளாட்சியைக் கேள்வி கேட்பவர்கள் குறைவு.

புழு கணக்கெடுக்கும் அதே தாளில் மூன்று கேள்விகளைச் சேர்க்க வேண்டும்: இந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, சேமிக்கும் தொட்டிக்கு மூடி உண்டா, பகலில் வீட்டிலிருந்து வேலை செய்பவர் யார். வார்டுவாரியாக அந்த விடைகளைத் தொகுத்து, அடுத்த கோடைக்கு முன் நகராட்சி அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். எந்த வார்டுக்கு முதலில் லாரித் தண்ணீர், எந்தத் தெருவுக்கு முதலில் மூடியுள்ள டிரம் என்று அதைப் பார்த்தே முடிவெடுக்கலாம்.