உயிலில் ஒரு மருத்துவமனை

புனே ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள சாசூன் பொது மருத்துவமனை 1867-இல் திறக்கப்பட்டது. அதன் கட்டுமானத்துக்குப் பெருநிதி தந்த டேவிட் சாசூன் 1864 நவம்பரிலேயே, இதே புனேயில், காலமாகிவிட்டார். முதல் நோயாளி உள்ளே வந்ததை அவர் பார்க்கவில்லை. ஊரார் லால் தேவள் என்று அழைக்கும் செங்கல் நிற யூதக் கோயிலின் வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. 1792-இல் பாக்தாத் நகரில் பிறந்து, அங்கு ஆட்சியாளரின் நெருக்குதலுக்குத் தப்பி பம்பாயில் குடியேறிய வணிகர் அவர். அவருடைய செல்வத்தில் பருத்திக்கும் பங்குண்டு, சீனாவுக்கு அனுப்பிய அபினுக்கும் பங்குண்டு. இரண்டாவதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் தொடக்கத்தில் 144 நோயாளிகளுக்கென்று எழுந்த அந்த மருத்துவமனை, இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகளுடன், வேறு போக்கிடம் இல்லாத ஏழைகளைத் தாங்கி நிற்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனா நோயாளிகளுக்காக அவசரமாகத் திறக்கப்பட்ட பதினொரு மாடிக் கட்டடமும் அதே வளாகத்தில்தான் வந்தது.

கொடுப்பவர் தம் காலத்துக்குப் பிறகு பயன்படும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைக்கும் கொடை பல வடிவங்களில் அமையும். மிகப் பழக்கமானது உயில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதை எத்தனை முறையும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டால் போதும், பதிவு கட்டாயமில்லை. இன்னொன்று தானப் பத்திரம். வீட்டை இப்போதே மருத்துவமனையின் பெயருக்கு எழுதிக்கொடுத்து, சாகும்வரை அதில் குடியிருக்கும் உரிமையை மட்டும் கொடுத்தவர் வைத்துக்கொள்வார். அசையாச் சொத்து என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்தபின் மனம் மாறினாலும் பொதுவாகத் திரும்பப் பெற முடியாது. மூன்றாவது மூலநிதி. அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு தரும் பணம் அது.

எல்லோருக்கும் உயில் எழுதும் சுதந்திரம் ஒரே அளவில் இல்லை. இந்துக்கள் தாமே ஈட்டிய சொத்தையும், கூட்டுக் குடும்பச் சொத்தில் தம் பங்கையும் யாருக்கும் எழுதிவைக்கலாம். முஸ்லிம்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் மூலம் கொடுக்க இயலாது; மீதி வாரிசுகளுக்குரியது. கிறிஸ்தவர்களின் நிலைதான் விசித்திரமாக இருந்தது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு, உடன்பிறந்தோரின் பிள்ளைகளோ அவர்களைவிட நெருங்கிய உறவோ உள்ள ஒருவர் மருத்துவமனைக்குச் சொத்து எழுதவேண்டுமானால், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே உயில் எழுதி, அதை ஆறு மாதங்களுக்குள் சட்டம் குறித்த இடத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும் என்றது. சாகப்போகும் நேரத்தில் மதகுருக்கள் சொத்தை எழுதி வாங்கிவிடுவார்கள் என்ற பழைய ஆங்கிலேய அச்சம் அதன் பின்னணி. பார்சிகளுக்கு 1991-இல் விலக்குக் கிடைத்தது. கேரளப் பாதிரியார் ஜான் வல்லமட்டம் தொடுத்த வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாததாக்கியது. கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைந்த புனே கேம்ப் பகுதிக்கு அந்தத் தீர்ப்பு சிறிய செய்தியல்ல. மரணப் படுக்கையில் இருப்பவருக்குக்கூட, தம்மைக் கவனித்துக்கொண்ட மருத்துவமனையை நினைக்கும் உரிமை அதனால் கிடைத்தது.

ஏன் கொடுக்கிறார்கள்? பிற நாடுகளில் வரிச் சலுகை ஒரு வலுவான காரணம். பிரிட்டனில் நிகரச் சொத்தில் பத்தில் ஒரு பங்கை அறத்துக்கு எழுதினால் வாரிசுரிமை வரி 40 சதவீதத்திலிருந்து 36 ஆகக் குறைகிறது. இந்தியாவில் 1953-இல் வந்த மரணச் சொத்து வரி 1985-இல் நீக்கப்பட்டது. வருமான வரியில் நன்கொடைக்குக் கிடைக்கும் சலுகை வாழும்போது தருபவருக்குத்தான் பொருந்தும். ஆகவே இங்கே உயிலில் மருத்துவமனையின் பெயரை எழுதுபவருக்கு வரியில் ஒரு பைசாகூட மிச்சமாவதில்லை. அவரை எழுதவைப்பது வேறு ஏதோ ஒன்று.

பெரும்பாலும் அது ஒரு மரணம். மெஹர்பாய் டாட்டா 1931 ஜூனில் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டே அவருடைய கணவர் சர் தொராப்ஜி டாட்டா தம் செல்வம் முழுவதையும், மனைவியின் நகைகள் உட்பட, ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டு, 1932 ஜூனில் ஜெர்மனியில் காலமானார். அந்த அறக்கட்டளையின் பணத்தில்தான் 1941-இல் பம்பாய் பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனை எழுந்தது. தன் துணைக்குக் கிடைக்காத சிகிச்சை, முகம் தெரியாத இன்னொருவருக்குக் கிடைக்கட்டும் என்ற எண்ணத்தைவிட ஆழமான காரணத்தைக் காண்பது அரிது.

வேறு காரணங்களும் உண்டு. ஓய்வுபெற்றோரின் நகரம் என்று பெயர் வாங்கிய புனேயில், பிள்ளைகள் அமெரிக்காவில் நிலைத்துவிட, சொந்த வீட்டில் தனித்திருக்கும் முதியோர் பலர். பிள்ளைகளுக்கு அந்த வீடு தேவைப்படாது. முதியவருக்கோ கடைசி மூச்சுவரை அது தேவை. இரண்டுக்கும் இசைவது உயில்தான். வைத்தியச் செலவு எவ்வளவு வருமென்று யாருக்கும் தெரியாததால் வாழும்போது பெருந்தொகை கொடுக்கத் தயங்குபவரும் உயிலில் தயங்குவதில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் நம்பிக்கை. வாழும்போது கொடுத்தவர் நேரில் போய்க் கேட்கலாம், கணக்குப் பார்க்கலாம். இறந்தபின் கொடுப்பவரால் அது முடியாது. ஆகவே நீண்டகாலம் கண்ணால் பார்த்த நிறுவனத்துக்கே மனிதர்கள் எழுதிவைக்கிறார்கள். ராஸ்தா பேட்டையில் சர்தார் முதலியார் சாலையில் உள்ள கே.இ.எம். மருத்துவமனை இதற்குச் சான்று. 1912-இல் தொடங்கிய அந்த மருத்துவமனையில் டாக்டர் பானு கோயாஜி 1944-இல் சேர்ந்தார். வாசலுக்கு வந்தவர்களைக் கவனிப்பதோடு நிற்காமல், 1970-களில் வடு என்ற கிராமத்தை மையமாக்கி, ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார். 1993-இல் மகசேசே விருது பெற்று, 2004-இல் மறைந்தார். அறுபது ஆண்டு உழைப்பை ஓர் ஊர் அருகிலிருந்து பார்க்கும்போது பிறக்கும் நம்பிக்கையை எந்த விளம்பரமும் உண்டாக்க முடியாது.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாட்டில் பழைய சான்று உண்டு. வள்ளல் பச்சையப்பர் 1794 மார்ச்சில் உயில் எழுதி, சில நாட்களில் திருவையாற்றில் காலமானார். கோயில்களுக்கும் அறங்களுக்கும் அவர் விட்டுச்சென்ற பணம் நிறைவேற்றுநர்களின் கையிலும் வழக்குகளிலும் சிக்கியது. அக்காலத்தில் இருந்த சென்னை உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, மிஞ்சிய தொகையில் 1842-இல் பள்ளி தொடங்கியது. இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு. உயிலை நிறைவேற்றுபவர் யார், நிறுவனத்தின் பதிவுப் பெயர் என்ன, குறித்த நோக்கம் காலாவதியானால் பணம் எதற்குப் போகவேண்டும் என்ற மூன்றையும் எழுதாத உயில் இன்றும் அப்படித்தான் சிக்கும். மூலநிதிக்கு வேறொரு ஆபத்து உண்டு: விலைவாசி. நூறாண்டுக்கு முன் யாரோ வைத்த பத்தாயிரம் ரூபாய், ஐந்து சதவீத வட்டியில் ஆண்டுக்கு 500 ரூபாய் தரும். ஒரு படுக்கையை ஒரு நாள் நடத்தவும் இன்று அது காணாது. வட்டியில் ஒரு பகுதியை அசலோடு சேர்க்கும் நிபந்தனை இல்லாவிட்டால், சுவரில் பெயர்ப் பலகை மட்டும் இருக்கும், பயன் இருக்காது.

வாங்கும் மருத்துவமனைக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின்படி, சாரிட்டி கமிஷனரின் முன் அனுமதியின்றி அறக்கட்டளையின் நிலத்தையோ கட்டடத்தையோ விற்க முடியாது. அறக்கட்டளை மருத்துவமனைகள் பத்து சதவீதப் படுக்கைகளை வறியவர்களுக்கு இலவசமாகவும், இன்னொரு பத்து சதவீதத்தை நலிந்தோருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். கட்டண வருவாயில் இரண்டு சதவீதம் ஏழை நோயாளிகள் நிதிக்குப் போக வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்ற திட்டம் 2006-இல் நடைமுறைக்கு வந்தது. தானமாக வந்த நிலத்தில் நிற்கும் மருத்துவமனை அந்தப் படுக்கைகளை மறைத்துவைத்தால், அது கொடுத்தவருக்கு இழைக்கும் துரோகம்.

சொத்தே இல்லாதவர்களுக்கும் இந்தக் கொடையில் இடமுண்டு. உடலை மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்கும், உறுப்புகளைக் காத்திருக்கும் நோயாளிகளுக்கும் அளிக்க முன்கூட்டியே எழுதிவைக்கலாம். ஆனால் இறப்பு நேரும்போது மருத்துவமனை கேட்பது உடனிருக்கும் உறவினரின் சம்மதத்தைத்தான். அவர்கள் மறுத்தால் எழுதியது ஏட்டளவில் நின்றுவிடும். எனவே உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமிடும் நாளிலேயே வீட்டாரை உட்காரவைத்துப் பேசிவிடுவதும், படிவத்தின் நகலை அவர்கள் கையில் கொடுப்பதும் அவசியம்.