அலுமினியத்தில் ஒரு தேன்கூடு



சிவப்பாகவோ நீலமாகவோ மின்னும் அலுமினிய டார்ச் லைட்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நிறம் உரியாது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகளுக்குள் ஊறி நிற்கிற சாயம் அது.

துளைகளை யார் போட்டது? எந்த ஊசியும் போடவில்லை. அலுமினியத்தை அமிலத் தொட்டியில் இறக்கி, மின்சாரத்தின் நேர்முனையோடு இணைக்கிறார்கள். மேற்பரப்பு ஆக்சைடாக மாறுகிறது. ஒருபுறம் ஆக்சைடு வளர, மறுபுறம் அமிலம் அதைக் கரைக்க, இந்த இழுபறியில் நெட்டுக்குத்தான துளைகள் பிறக்கின்றன. சாயத்தில் முக்கி எடுத்துக் கொதிநீரில் போட்டால், ஆக்சைடு நீரேற்று உப்பித் துளைவாயை மூடிவிடும். இதுதான் அனோடைசிங்.

கடல் விமானங்களின் உலோகத்தை உப்புநீர் அரிக்காமல் காக்க, 1923இல் பிரிட்டனில் பெங்காஃப், ஸ்டூவர்ட் என்ற இருவர் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். இந்த ஆக்சைடு படலத்துக்குள் அறுகோண அறைகள் இருப்பதை மின்னணு நுண்ணோக்கி வழியே கெல்லரும் கூட்டாளிகளும் விவரித்தது 1953இல்தான்.

என்னை மிகவும் கவர்ந்தது ஜப்பானில் நடந்தது. 1995இல் மசூடாவும் ஃபுகுடாவும் ஆக்சாலிக் அமிலத்தில் 40 வோல்ட் கொடுத்து நெடுநேரம் பொறுத்திருந்தார்கள். தாறுமாறாகத் தொடங்கிய துளைகள், ஆழம் போகப்போகத் தாமாகவே தேன்கூடுபோல வரிசைக்கு வந்திருந்தன! மறு ஆண்டு மசூடா இன்னொன்று செய்தார். அவ்வளவு நேரம் வளர்த்த படலத்தை அமிலத்தில் கரைத்தே போக்கிவிட்டார். அடியில் உலோகத்தின்மேல் சின்னச் சின்னக் குழிகள் ஒழுங்காகப் பதிந்திருந்தன. மறுபடி மின்சாரம் செலுத்தியதும், புதிய துளைகள் அந்தக் குழிகளிலேயே தொடங்கி, மேலிருந்து கீழ்வரை நேராக இறங்கின. கூட்டின் அச்சு மட்டும் எஞ்சினால் போதும் என்று எண்ணிய அந்தத் துணிவை நினைக்கும்போதெல்லாம் வியக்கிறேன்.

துளைகளின் இடைவெளியை வோல்ட்டேஜே தீர்மானிக்கிறது. 40 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 100 நானோமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டரில் அப்படி 1000 கோடிக்கு மேல் துளைகள் அமையும். அவற்றில் உலோகத்தை நிரப்பி, ஆக்சைடைக் கரைத்தால் நானோ கம்பிகள் கிடைக்கும்.

அடியிலுள்ள அலுமினியத்தை நீக்கித் துளைகளை இருபுறமும் திறந்துவிட்டால், அதுவே வடிகட்டி. கடலாய்வாளர்கள் 20 நானோமீட்டர் துளையுள்ள இத்தகைய தகட்டில் கடல்நீரை வடிக்கிறார்கள். நீர் இறங்கிவிடும், வைரஸ்கள் மேலேயே தங்கும். ஒளிரும் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், கறுப்பு வானத்து விண்மீன்கள்போல ஒவ்வொன்றும் புள்ளியாகத் தெரியும். அவற்றை எண்ணுகிறார்கள்.